வெங்காயத் தோலுக்குள் ஒரு செய்தி: ஆனியன் ரூட்டிங் செய்து பார்ப்போமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். இணையதள முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் பாதுகாப்பு என்று கடைக்காரரோ நண்பரோ சொல்லியிருப்பார். அது உண்மைதான். நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டையும் படிக்கும் பக்கத்தையும் வழியில் இருப்பவர்கள் படிக்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டு மறைப்பது கவருக்குள் இருக்கும் கடிதத்தை மட்டுமே. கவரின் மேல் எழுதியிருக்கும் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை அது மறைப்பதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தகவலும் பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் இரண்டு ஐபி முகவரிகள் இருக்கும். ஒன்று உங்களுடையது. மற்றது நீங்கள் தொடர்புகொள்ளும் சர்வருடையது. வழியில் உள்ள ரூட்டர்கள் அந்த முகவரியைப் படித்துத்தான் பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. எனவே அதை மறைத்துவிட்டால் தகவல் போய்ச் சேராது. மறைக்காவிட்டால், யார் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது வழியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தால் என்ன போயிற்று என்று கேட்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், அலுவலக நெட்வொர்க்கின் லாக் பைல்களைச் சுருக்கி அறிக்கை தயாரிக்கும் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதச் சொன்னார்கள். சோதித்துப் பார்க்கப் பழைய லாக் பைல்களைக் கொடுத்தார்கள். அதில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பல நாட்கள் தொடர்ந்து மதிய உணவு நேரத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் தளத்துக்குப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தளம். அதற்கடுத்து, நகைக்குக் கடன் தரும் நிறுவனம் ஒன்றின் தளம். அவர் படித்த பக்கங்களில் ஒரு எழுத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லாம் எச்டிடிபிஎஸ். இருந்தும் அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் அதுவரை அதைச் சொல்லியிருப்பாரா என்பதே சந்தேகம். உள்ளடக்கம் தேவையே இல்லை, முகவரிப் பட்டியல் போதும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இதற்கு விபிஎன் இருக்கிறதே என்பார்கள். விபிஎன் போட்டால் உங்கள் தகவல் முதலில் விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வெளியே போகும். இன்டர்நெட் இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு நீங்கள் போகும் தளம் தெரியாது. தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது. ஆனால் நடுவில் இருக்கும் ஒருவருக்கு இரண்டும் தெரியும். ரகசியம் ஒழியவில்லை, கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒருவர் லாக் எழுதி வைத்தாலோ, அவரது சர்வருக்குள் திருடன் புகுந்தாலோ எல்லாமே வெளியே வந்துவிடும்.

எந்த ஒருவருக்கும் இரண்டு முனைகளும் சேர்ந்து தெரியக்கூடாது. இதற்காகத்தான் ஆனியன் ரூட்டிங் என்ற முறையை உருவாக்கினார்கள்.

கவருக்குள் கவர்

குமார், சலீம், மேரி என்று மூன்று பேர் தபால் கைமாற்றிவிடச் சம்மதித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதம் கடைசியில் வங்கிக்குப் போக வேண்டும். கடிதத்தை ஒரு கவரில் போட்டு, வங்கிக்கு அனுப்பவும் என்று எழுதி, மேரி மட்டுமே திறக்கக்கூடிய பூட்டைப் போடுகிறீர்கள். அந்தக் கவரை இன்னொரு கவரில் போட்டு, மேரிக்கு அனுப்பவும் என்று எழுதி, சலீமின் பூட்டு. அதையும் ஒரு கவரில் போட்டு, சலீமுக்கு அனுப்பவும் என்று எழுதி, குமாரின் பூட்டு. இப்போது குமாரிடம் கொடுக்கிறீர்கள்.

குமார் தன் பூட்டைத் திறக்கிறார். உள்ளே சலீம் பெயர் மட்டும் இருக்கிறது. கடிதம் உங்களிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும், எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. சலீமுக்கு உங்களையும் தெரியாது, வங்கியையும் தெரியாது. மேரிக்கு வங்கி தெரியும், உங்களைத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு தோலை உரிக்கிறார்கள். அதனால்தான் வெங்காயத்தின் பெயரை வைத்தார்கள்.

இரண்டு பேர் போதாதா? போதாது. இரண்டு பேர்தான் என்றால் உங்களை அறிந்தவருக்கு, வங்கியை அறிந்தவர் யார் என்பதும் தெரியும். அவரைக் கேட்டால் கதை முடிந்தது. நடுவில் ஒருவர் இருந்தால் முதலாமவருக்குக் கடைசி ஆள் யார் என்றே தெரியாது. அப்படியானால் பத்துப் பேரை வைக்கலாமே? வேகம் குறையுமே தவிரப் பாதுகாப்பு அதே அளவில் ஏறாது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கால்குலேட்டரில் ஒரு சோதனை

குமாரோடு ஒரு பூட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் எல்லோரும் ஒட்டுக்கேட்கும் கம்பி வழியாகத்தான் பேச முடியும். சாவியை எப்படி அனுப்புவது? அனுப்பவே வேண்டாம் என்று 1976-ஆம் ஆண்டு விட்பீல்டு டிபி, மார்ட்டின் ஹெல்மேன் இருவரும் வெளியிட்ட முறை சொல்கிறது. விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து சயின்டிபிக் வகைக்கு மாற்றுங்கள். அதில் மாட் என்ற பட்டன் இருக்கும். ஓர் எண்ணை இன்னொன்றால் வகுத்தால் வரும் மீதியை அது தரும்.

எல்லோருக்கும் தெரிந்த எண்கள் 5, 23. நீங்கள் மனதுக்குள் 3 என்று நினைத்துக்கொள்ளுங்கள். குமார் மனதுக்குள் 5 என்று நினைக்கிறார். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. நீங்கள் மூன்று 5-களைப் பெருக்குங்கள்: 125. அதை 23-ஆல் வகுத்தால் மீதி 10. இந்த 10-ஐக் குமாருக்கு வெளிப்படையாக அனுப்புங்கள். குமார் ஐந்து 5-களைப் பெருக்குகிறார்: 3125. மீதி 20. அதை உங்களுக்கு அனுப்புகிறார்.

வந்த 20-ஐ நீங்கள் உங்கள் ரகசிய எண்படி மூன்று முறை பெருக்குங்கள்: 8000. 23-ஆல் வகுத்தால் மீதி 19. குமார் தனக்கு வந்த 10-ஐ ஐந்து முறை பெருக்குகிறார்: 100000. மீதி அவருக்கும் 19! கம்பியில் போனவை 10-ம் 20-ம்தான். 19 என்ற எண் போகவே இல்லை. இதுதான் உங்கள் இருவருக்குமான சாவி. இவ்வளவு சிறிய எண்களில் ஒட்டுக்கேட்பவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். நிஜ சாப்ட்வேரில் இந்த எண்கள் எழுபது இலக்கங்களையும் தாண்டி நீளும். கணக்கும் எலிப்டிக் கர்வ் என்ற வேறு வகையைச் சேர்ந்தது. ஆனால் கருத்து இதேதான்.

இதே முறையில் சலீமோடு 7, மேரியோடு 12 என்று சாவிகள் அமைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி 300. பூட்டுவது என்றால் இப்போதைக்குக் கூட்டல் என்று கொள்ளுங்கள். மேரியின் சாவியைக் கூட்டினால் 312. சலீமுடையதைக் கூட்டினால் 319. குமாருடையதைக் கூட்டினால் 338. உங்கள் வீட்டிலிருந்து போவது 338. குமார் 19-ஐக் கழித்து 319-ஐ அனுப்புகிறார். சலீம் 7-ஐக் கழித்து 312-ஐ அனுப்புகிறார். மேரி 12-ஐக் கழித்தால் 300. ஒவ்வொரு கம்பியிலும் வேறு வேறு எண் ஓடுகிறது. இரண்டு கம்பிகளைப் பார்த்தாலும் இதுதான் அது என்று சொல்ல முடியாது. நிஜத்தில் கூட்டலுக்குப் பதில் ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டைப் போடுகிறார்கள்.

பதில் வரும்போது இதன் தலைகீழ் நடக்கும். மேரி ஒரு தோலைப் போர்த்துவார், சலீம் ஒன்று, குமார் ஒன்று. மூன்று சாவிகளும் இருப்பது உங்களிடம் மட்டும்தான். ஆகவே மூன்றையும் உரித்துப் படிப்பது நீங்கள்தான்.

நான் எழுதிய பயிற்சிப் புரோகிராம்

இதைப் புரிந்துகொள்ள பைத்தான் மொழியில் ஒரு சிறிய சாட்டிங் சாப்ட்வேர் எழுதினேன். வீட்டிலிருந்த ஒரு பழைய டெஸ்க்டாப், ஒரு லேப்டாப், நண்பர் கொடுத்த இன்னொரு டெஸ்க்டாப் மூன்றையும் ரிலே ஆக்கினேன். கைமாற்றிவிடும் கம்ப்யூட்டருக்கு ரிலே என்று பெயர். ரிலே செய்யும் வேலையைப் பட்டியல் போட்டால் சிரிப்பு வரும்: வாங்கு, ஒரு தோலை உரி, உள்ளே எழுதியிருப்பவரிடம் கொடு. நூறு வரிகளுக்குள் முடிந்துவிட்டது. அதில் எழுதிய வரிகளைவிட எழுதாத வரிகள்தான் முக்கியம். புரோகிராம் எழுதுபவர்களுக்கு லாக் எழுதும் பழக்கம் உண்டு. ரிலே எதையும் லாக் செய்யக்கூடாது. உரையாடல் முடிந்ததும் சாவியை அழித்துவிட வேண்டும். அப்போதுதான் நாளை யாராவது அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனாலும், நேற்று பதிவு செய்து வைத்த தகவலைத் திறக்க முடியாது.

அடுத்து அளவு. நான் ஓகே என்று டைப் செய்தால் சின்ன பாக்கெட், பத்து வரி எழுதினால் பெரிய பாக்கெட். உள்ளே இருப்பது தெரியாவிட்டாலும் அளவை வைத்தே பின்தொடரலாம். எனவே எல்லாச் செய்திகளையும் ஒரே அளவு பெட்டிகளில் அடைத்து அனுப்ப வேண்டும். டார் என்ற புகழ்பெற்ற சாப்ட்வேரில் இந்தப் பெட்டியின் பெயர் செல். முதலில் 512 பைட்டாக இருந்தது, இப்போது 514 பைட். குறைவாக இருந்தால் மீதி இடத்தை வெற்றுத் தகவலால் நிரப்பிவிடும்.

எல்லாம் சரியாக ஓடியது. ஆனால் முதல் ரிலேக்குள் ஒரு செய்தி நுழைந்த நேரத்தையும், கடைசி ரிலேயிலிருந்து ஒரு செய்தி வெளியேறிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நுழைந்த சிறிது நேரத்தில் ஒன்று வெளியேறுகிறது. உள்ளே போனது நான் ஒருவன்தான் என்றால், வெளியே வந்ததும் நான்தானே! பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும் பயனில்லை. பிறகு தங்கையின் லேப்டாப்பிலிருந்தும் அம்மாவின் போனிலிருந்தும் ஒரே நேரத்தில் செய்திகள் ஓடவிட்டேன். எது யாருடையது என்று பிரிப்பது கொஞ்சம் கடினமானது. இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் இன்னும் கடினமாகியிருக்கும்.

கடற்படை கற்ற பாடம்

ஆனியன் ரூட்டிங் பிறந்தது வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில். 1990-களின் நடுவில் டேவிட் கோல்ட்ஷ்லாக், மைக்கேல் ரீட், பால் சைவர்சன் என்ற மூவர் இதை வடிவமைத்தார்கள். செய்திகளைக் கலந்து அனுப்பி அடையாளத்தை மறைக்கலாம் என்று 1981-ஆம் ஆண்டிலேயே டேவிட் சாம் என்பவர் எழுதிய கட்டுரை இதற்கு முன்னோடி. பிறகு ரோஜர் டிங்கிள்டைன், நிக் மாத்யூசன் இருவரும் சைவர்சனோடு சேர, 2002-இல் டார் நெட்வொர்க் ஓடத் தொடங்கியது. 2006-இல் டார் புராஜெக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவானது.

ராணுவம் தன் பணத்தில் செய்த ரகசியக் கருவியை ஏன் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது? வள்ளல் குணத்தால் அல்ல. கடற்படை மட்டுமே பயன்படுத்தும் நெட்வொர்க்கிலிருந்து ஒருவர் வெளியே வந்தால், அவர் கடற்படைக்காரர் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். எனவே அந்தக் கூட்டத்தில் மாணவர்கள் வேண்டும், பத்திரிகையாளர்கள் வேண்டும், நோயைப் பற்றித் தேடும் நோயாளிகள் வேண்டும், அடிக்கும் கணவனுக்குத் தெரியாமல் உதவி தேடும் பெண்களும் வேண்டும். நான் இந்தத் துறையில் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மற்ற ரகசியங்கள் குறைவான பேருக்குத் தெரிந்தால் பலம். இங்கே கூட வருபவர்கள் அதிகமானால்தான் பலம்.

கூட்டம் என்றால் எல்லா வகையினரும் வருவார்கள். போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு என்ற தளம் டார் வழியாகத்தான் இயங்கியது. அமெரிக்கக் காவல் துறை 2013-இல் அதை மூடியது. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும்.

எங்கே ஓட்டை?

2007-இல் டான் எகர்ஸ்டாட் என்ற சுவீடன் நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் டார் நெட்வொர்க்கில் ஐந்து கடைசி ரிலேக்களை, அதாவது நமது உதாரணத்தில் மேரிகளை, தானே நடத்தினார். யார் வேண்டுமானாலும் ரிலே நடத்தலாம் என்பது டாரின் விதி. கடைசித் தோல் உரிந்த பிறகு தகவல் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். பல நாட்டு அரசு அலுவலகங்கள், தூதரகங்களின் ஈமெயில் பாஸ்வேர்டுகள் வெறும் எழுத்தாகக் கொட்டின. அவற்றில் நூறு கணக்குகளின் விவரத்தை வெளியிட்டார். அந்தப் பட்டியலில் இந்தியத் தூதரகங்களும் இருந்தன. வெங்காயத்தின் எந்தத் தோலும் கிழியவில்லை. அவர்கள் கவருக்குள் போட்ட கடிதம்தான் பூட்டில்லாத கடிதம். டார் முகவரியை மறைக்கும். உள்ளடக்கத்தை மறைக்க எச்டிடிபிஎஸ் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு ஓட்டை முதல் முனையில் இருக்கிறது. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், பரீட்சையைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் ஈமெயில் அனுப்பினார். டார் வழியாகத்தான் அனுப்பினார். ஆனால் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கிலிருந்தே அனுப்பினார். அந்த நேரத்துக்குச் சற்று முன் அங்கிருந்து டார் பயன்படுத்தியது யார் என்று தேடினார்கள். விசாரித்ததும் ஒப்புக்கொண்டார். நீங்கள் டாரில் எங்கே போகிறீர்கள் என்பதுதான் மறையும். டார் பயன்படுத்துகிறீர்கள் என்பது, சாதாரணமாக, உங்கள் இணைப்பைத் தருபவருக்குத் தெரியும். அங்கே கூட்டம் சிறியது, ஆள் சிக்கினார். அவர் சிக்கியது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே வழியில் ஒரு பத்திரிகையாளரும் சிக்கலாம்.

இரண்டு முனைகளையும் ஒருவரே கவனித்தால் நேரத்தை வைத்து ஜோடி சேர்த்துவிடலாம் என்று என் வீட்டுச் சோதனையில் பார்த்தோமல்லவா? டாருக்கும் இந்தப் பலவீனம் உண்டு. அதை வடிவமைத்தவர்களே 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். பத்து ரிலே வைத்தாலும் முனைகள் இரண்டுதான். அதனால்தான் மூன்றோடு நிறுத்தினார்கள். முழுவதும் தடுக்க முடியாவிட்டாலும் வாய்ப்பைக் குறைக்க சில ஏற்பாடுகள் உண்டு. முதல் ரிலேயை அடிக்கடி மாற்றாமல் மாதக்கணக்கில் அதையே வைத்துக்கொள்ளும். தினமும் புதியவரைப் பிடித்தால் என்றாவது ஒருநாள் கெட்டவர் கையில் விழுவது உறுதி அல்லவா? முகவரியைப் பார்த்தால் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாகத் தெரியும் இரண்டு ரிலேக்களை ஒரே பாதையில் சேர்க்காது.

பயன்படுத்திப் பார்க்க

என் பயிற்சிப் புரோகிராமை யாருக்கும் தர மாட்டேன். ரகசியத்துக்கான சாப்ட்வேரைப் பலர் திறந்து பார்த்துக் குறை சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் விடுமுறையில் எழுதியதை நம்பக்கூடாது. டார் சாப்ட்வேரின் மூல நிரல் முழுவதும் எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது.

டார்புராஜெக்ட் டாட் ஆர்க் என்ற தளத்திலிருந்து மட்டும் டார் பிரவுசரை டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் அதே பெயரில் போலிகள் உண்டு. இன்ஸ்டால் செய்து திறந்ததும் கனெக்ட் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ரிலேக்களின் பட்டியலை அது தானே வாங்கிக்கொள்ளும். ஏதாவது ஒரு தளத்துக்குப் போன பிறகு முகவரிக் கட்டத்தின் அருகே உள்ள சிறிய பாதைப் படத்தைக் கிளிக் செய்தால், உங்கள் குமார், சலீம், மேரி மூவரும் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா என்று வரும். தளம் மெதுவாகத் திறப்பது கோளாறு அல்ல. உங்கள் பாக்கெட் மூன்று நாடுகளைச் சுற்றிவிட்டு வருகிறது.

டார் பிரவுசரில் உங்கள் சொந்தப் பெயர் கணக்கில் லாகின் செய்துவிட்டு, என்னை அந்தத் தளம் எப்படிக் கண்டுபிடித்தது என்று கேட்காதீர்கள். கூடுதல் ஆட்-ஆன்கள் எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கூட்டத்தில் நீங்கள் மட்டும் தனி நிறத்தில் சட்டை போட்டதுபோல் ஆகிவிடும். அதில் டவுன்லோடு செய்த வேர்டு, பிடிஎப் பைல்களை இன்டர்நெட் இணைப்பு இருக்கும்போது திறக்காதீர்கள். அவை டாரைச் சுற்றிவிட்டு நேராக வெளியே தொடர்புகொள்ளக்கூடும். வங்கி வேலைக்கு உங்கள் வழக்கமான பிரவுசரே போதும். திடீரென்று வேறு நாட்டிலிருந்து லாகின் வந்தால் வங்கி உங்கள் கணக்கை முடக்கிவிடலாம்.

இருவர் ஒருவருக்கொருவர் அடையாளம் தெரியாமல் பேச விரும்பினால் ஆனியன் சர்வீஸ் என்ற வசதி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆளுக்கு மூன்று ரிலே போட்டு, நடுவில் ஓரிடத்தில் சந்திப்பார்கள். அங்கே கடைசி ரிலே என்று யாரும் வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. எனவே எகர்ஸ்டாட் பார்த்ததுபோல் பார்க்க முடியாது. இதன் முகவரிகள் 56 எழுத்து நீளம் இருக்கும், மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் பிரையர் என்ற மெசேஜிங் ஆப் இந்த வசதியைக் கொண்டு இயங்குகிறது. வீட்டில் இரண்டு போன்கள் இருந்தால் இன்று மாலையே இன்ஸ்டால் செய்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு வணக்கம் அனுப்பிப் பாருங்கள்.